‘16 வயதினிலே’ எடுத்தவர் ஏன் ‘சிவப்பு ரோஜாக்கள்’ எடுத்தார்?

முறிகண்டிக் கச்சான்:

எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு படம் போடுவது இங்கே பலருக்குத் தெரியும். ஒரு வெள்ளைத் துணி, கலியாண வீடியோ எடுக்கிற பெடியனிடம் இரவல் வாங்கிய புரொஜெக்டர், கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரை. அவ்வளவுதான் வசதி. கடைசியாக பாரதிராஜாவின் முதல் மூன்று படங்களையும் வரிசையாகப் போட்டோம். 1977 இல் வந்த ‘16 வயதினிலே’, 1978 இல் வந்த ‘கிழக்கே போகும் ரயில்’, அதே 1978 இல் வந்த ‘சிவப்பு ரோஜாக்கள்’.

முதல் இரண்டு படத்துக்கும் இருக்க இடமில்லை. கிழவிமார் எல்லாரும் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார்கள். மூன்றாவது படத்தில் பாதியிலேயே சில அம்மாமார் எழும்பிப் போய்விட்டார்கள். முதல் படத்தில் அப்பாவிச் சப்பாணியாக வந்த கமல்தான் இதில் கொலைகாரன். முடிந்த பிறகு ஒரு ஐயா என்னைப் பிடித்து, “சப்பாணியை இப்பிடியாடா காட்டுறது?” என்று பேசினார். ஏதோ நான்தான் படத்தை எடுத்த மாதிரி.

ஐயா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வயலும் ஓடையும் கோவணமுமாக இரண்டு படம் எடுத்து ஊரெல்லாம் பேர் வாங்கிய மனிதர், மூன்றாவது படத்திலேயே கோட்டு சூட்டுப் போட்ட ஒருத்தன் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிற கதைக்கு ஏன் போனார்? தெரிந்தவர்கள் எழுதுங்கோ. அடுத்த மாதம் என்ன படம் போடலாம் என்றும் சொல்லுங்கோ, சனம் திரும்பி வரவேண்டும்.

பாலைப்பழம்:

இதில் என்ன அண்ணை ஆச்சரியம்? இப்போது இருக்கிற இயக்குநர்களைப் பாருங்கோ. முதல் படம் ஒரு மாதிரி, பிறகு போகப் போக இரத்தம். லோகேஷ் கனகராஜ் ‘மாநகரம்’ எடுத்தவர், இப்போது ‘கூலி’க்கு ஏ சான்றிதழ். காசு எங்கே வருகிறதோ அங்கே போவார்கள்.

குளக்கட்டு:

தம்பி பாலைப்பழம், அந்தக் கணக்கு இங்கே சரிவராது. 78 இல் காசு கிராமத்தில்தான் இருந்தது. ‘16 வயதினிலே’யும் ‘கிழக்கே போகும் ரயி’லும் ஓடின ஓட்டத்துக்கு, அவர் இன்னும் பத்துக் கிராமத்துப் படம் எடுத்திருந்தாலும் சனம் பார்த்திருக்கும். அதை விட்டுவிட்டு இப்படி ஒரு படத்துக்குப் போனதுதான் துணிச்சல்.

அப்போது இருந்த பேச்சு என்னவென்றால், ‘இவருக்குக் கிராமத்தை விட்டால் வேறு ஒன்றும் எடுக்கத் தெரியாது’ என்பது. அந்தப் பேச்சை உடைக்கத்தான் இந்தப் படம் என்று வயதானவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆள் தேனிப் பக்கம் அல்லிநகரத்துப் பிள்ளைதான். ஆனால் படம் எடுக்கக் கற்றது கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம். நாங்கள்தான் அவரைக் கிராமத்துக்குள்ளேயே கட்டிப் போட்டோம்.

எங்களுக்கு இந்தப் படம் வந்து சேர்ந்ததே வேறு மாதிரி. முதலில் பாட்டுத்தான் வந்தது, இலங்கை வானொலியில். ‘நினைவோ ஒரு பறவை’, கமலே ஜானகியோடு பாடியது. அதைக் கேட்ட எவனும் இது ஒரு கொலைகாரன் படத்துப் பாட்டு என்று நினைத்திருக்க மாட்டான். படத்தை நான் பார்த்தது தொண்ணூறுகளில், வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டில். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேட்டர், டெக், பதினான்கு அங்குல ரீவி. ஸ்ரீதேவி அந்தப் பெரிய வீட்டுக்குள் தனியாக நடக்கிற நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. திருப்பி ஸ்டார்ட் பண்ண எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது. அந்த இருட்டுக்குள் ஒருத்தரும் எழும்பவில்லை. கொல்லைக்குப் போகவேண்டியவர்களும் போகவில்லை.

பாலைப்பழம்:

அந்தப் பாட்டு எங்கள் மாமாவின் கலியாண வீடியோவில் இருக்கிறது! மாப்பிள்ளையும் பொம்பிளையும் குளக்கட்டில் கைகோர்த்து நடக்கிற இடத்துக்குப் போட்டிருக்கிறார்கள்.

முறிகண்டிக் கச்சான்:

வீடியோக்காரனுக்குப் படம் தெரிந்திருக்காது, விடுங்கோ.

முல்லை ரீச்சர்:

நீங்கள் எல்லாரும் ‘திரும்பினார்’, ‘மாறினார்’ என்று எழுதுகிறீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே உடன்பாடில்லை.

‘16 வயதினிலே’ எப்படி முடிகிறது? சப்பாணி ஒரு கல்லைத் தூக்கி பரட்டையைக் கொல்கிறான். வெற்றிலை போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடக்கிற, ஊரே கேலி செய்கிற அந்த அப்பாவிதான் கொல்கிறான். மயிலைக் காப்பாற்றத்தான் கொன்றான் என்பதால் நாங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கொலை நடந்ததே நினைவில் நிற்பதில்லை. ரயில் நிலையத்தில் மயில் காத்துக்கொண்டு நிற்பதுதான் நிற்கிறது.

‘கிழக்கே போகும் ரயி’லில் ஊர் என்ன செய்கிறது? மழை நிற்கவேண்டும் என்பதற்காக ஒரு கன்னிப் பெண் உடுப்பில்லாமல் ஊரைச் சுற்றி வரவேண்டும் என்று பெரிய மனுசர் கூடி முடிவெடுக்கிறார்கள். பாஞ்சாலியின் தலையில் அது விழுகிறது. அந்தப் படத்தில் கத்தி இல்லை, இரத்தம் இல்லை, ஆனால் இதைவிடப் பெரிய வன்முறை என்ன இருக்கிறது? பாட்டும் பச்சை வயலும் இருந்தபடியால் கிழவிமார் முணுமுணுத்துக்கொண்டு பார்த்தார்கள் என்று கச்சான் எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

மூன்றாவது படத்தில் ஊர் இல்லை, பஞ்சாயத்து இல்லை, ஒரே ஒருத்தன்தான். மற்றப்படி மூன்றிலும் ஒரு பெண்ணின் உடம்பை யாரோ ஒருவர் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். முதல் படத்தில் பட்டணத்திலிருந்து வந்த மாட்டு வைத்தியனும் பரட்டையும். இரண்டாவதில் ஊர். மூன்றாவதில் பணக்காரன். எடுத்தவரின் கண் அதே இடத்தில்தான் நிற்கிறது, பச்சையை மட்டும் உரித்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கோ. ஒளிப்பதிவு அதே பி.எஸ். நிவாஸ். இசை அதே இளையராஜா. கமலும் ஸ்ரீதேவியும் முதல் படத்தில் சப்பாணியும் மயிலும், ஒரு வருசம் கழித்து கொலைகாரனும் அவன் கட்டிய பெண்ணும். அந்த முகத்தை நம்பிப் பழகின சனத்துக்கு முன்னால் அதே முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். கைக்குட்டை வாங்க வந்த வடிவான மனிதர் என்று ஸ்ரீதேவியும் நம்புகிறார், நாங்களும் நம்புகிறோம். “சப்பாணியை இப்பிடியா காட்டுறது” என்று ஐயா கோபப்பட்டாரே, படம் அவரிடம் வேலை செய்திருக்கிறது. புதுமுகம் ஒருத்தர் நடித்திருந்தால் ஐயா அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்.

வவுனிக்குளம்:

ரீச்சர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இப்படித் திடீரென்று இருட்டுக்குள் போன ஆட்கள் வெளியிலும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்கவில்லை.

1960 ஆம் ஆண்டை எடுங்கோ. ஹிட்ச்காக் அதற்கு முதல் வருசம் பெரிய செலவில், கலரில், துரத்தலும் காதலுமாக ஒரு படம் எடுத்து வெற்றி கண்டவர். அடுத்ததாகத் தன் தொலைக்காட்சித் தொடரில் வேலை செய்த ஆட்களை வைத்துக் குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில் ‘சைக்கோ’ எடுத்தார். குளியலறையில் ஓடுகிற இரத்தம் சாக்லேட் பாகு என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. படம் அள்ளிக் கொட்டியது. அதே 1960 இல் இங்கிலாந்தில் மைக்கேல் பவல், ‘ரெட் ஷூஸ்’ மாதிரி வண்ணமான படங்களால் கொண்டாடப்பட்டவர், ‘பீப்பிங் டாம்’ எடுத்தார். பெண்களைக் கொல்கிறபோதே அவர்களின் பயத்தைக் கமராவில் பிடிக்கிறவன் கதை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அங்கே அவருடைய தொழிலே அதோடு படுத்துவிட்டது. பல வருசம் கழித்துத்தான் அது பெரிய படம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

‘சிவப்பு ரோஜாக்க’ளில் கமலை வளர்த்த கிழவர் என்ன செய்கிறார்? கொலைகளைப் படம் பிடித்து வைத்துப் போட்டுப் பார்க்கிறார். பவலுக்கு அடி விழுந்த இடமே அதுதான், ‘பார்க்கிறவனும் குற்றவாளி’ என்ற இடம். பாரதிராஜாவுக்கு அடி விழவில்லை, படம் ஓடியது. 1980 இல் ராஜேஷ் கன்னாவை வைத்து ‘ரெட் ரோஸ்’ என்று ஹிந்தியிலும் அவரே எடுத்தார். காதல் நாயகனாக அத்தனை பெண்களும் உருகின ராஜேஷ் கன்னாவைத்தான் அங்கேயும் கொலைகாரனாக்கினார். ரீச்சர் சொன்ன அந்த முகக் கணக்குத்தான்.

ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அவன் ஏன் இப்படி ஆனான் என்று பழைய கதை சொல்கிற இடம்.

முல்லை ரீச்சர்:

எனக்கும் அதுதான் குறை, வடிவாகச் சொல்லவே வேண்டும். சின்ன வயதில் ஒரு பெண் அவன் மேல் பொய்ப் பழி போட்டாளாம். வளர்த்த வீட்டில் எசமானி வேறொருத்தனோடு இருந்தாளாம். அதனால் பெண்கள் எல்லாருமே இப்படித்தான் என்று அவன் முடிவெடுத்தானாம். அவ்வளவு நேரமும் அவனை வைத்து எங்களைப் பயமுறுத்திய படம், அந்த இடத்தில் அவன் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறது. அந்தப் பகுதியில் பெண்களைப் பற்றி வருகிற வசனத்தை இன்றைக்கும் பெடியள் பகிடிக்குச் சொல்லித் திரிகிறார்கள். என் வகுப்பில் ஒருத்தன் சொன்னான். எங்கே கேட்டாய் என்றால் போனில் மீம் பார்த்தானாம். படத்தையே பார்த்ததில்லை.

பிறகு 1994 இல் ‘கருத்தம்மா’ எடுத்தாரே, பெண் பிள்ளை பிறந்தால் கொல்கிற ஊரைப் பற்றி, அதில் இந்தச் சாட்டு இல்லை. கொலை கொலையாகவே இருக்கிறது. அதுவும் கிராமத்துப் படம்தான், அதுவும் இவர் படம்தான்.

குளக்கட்டு:

ஒரு படத்தோடு முடிந்த விசயமும் இல்லை ரீச்சர். 1981 இல் ‘அலைகள் ஓய்வதில்லை’யும் அவர்தான், மொடல் பெண்கள் ஒவ்வொருவராகச் சாகிற ‘டிக் டிக் டிக்’கும் அவர்தான். 1985 இல் பழிவாங்கலுக்கு ‘ஒரு கைதியின் டைரி’, அதே வருசம் ‘முதல் மரியாதை’. ஒரு கால் வயல் வரம்பில், ஒரு கால் தார் ரோட்டில் என்றுதான் ஆள் நடந்திருக்கிறார்.

பாலைப்பழம்:

‘கல்லுக்குள் ஈரம்’ கூட அவர்தானே?

வவுனிக்குளம்:

அதில் அவர் நடிகர். இயக்கியது நிவாஸ்.

ஒட்டுசுட்டான்:

எழும்பிப் போன அம்மாமாரில் ஒருவர் என்னுடைய அம்மா. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

அம்மா சண்டைப் படத்துக்குப் பயந்த ஆள் இல்லை. பேரப் பிள்ளைகளோடு இருந்து ‘விக்ரம்’ பார்த்தவ. கடைசியில் பெரிய துவக்கை வைத்துச் சுடுகிற இடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தா. அதற்கு முதலும், போர்நிறுத்தத்துக்கு முன்பே, வெளிநாட்டுப் போர்ப் படங்களைத் தமிழில் குரல் கொடுத்து இங்கே போட்டார்களே, ஊரே பாய் விரித்து இருந்து பார்த்தது. சின்னப் பிள்ளைகளும் இருந்தோம். அப்போது ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை.

இந்தப் படத்தில் அம்மா எழும்பினது கொலை நடந்த இடத்தில் இல்லை. தோட்டத்தில் மண்ணை வெட்டுகிற இடத்தில். பூக்கன்று நடுகிற மண்ணுக்குக் கீழே ஆள் இருக்கிறது என்று விளங்கின உடனே கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டா. வீட்டுக்கு வந்து, “அந்தத் தோட்டம் எனக்குச் சரிவரேல்லை” என்றா. பிறகு சோறு போட்டா. வேறொன்றும் கதைக்கவில்லை.

2023 ஆனி மாதம் முல்லைத்தீவுப் பக்கம் கொக்குத்தொடுவாயில் தண்ணிக் குழாய் போடக் கிடங்கு வெட்டினபோது மண்ணுக்குக் கீழே ஆட்களின் எலும்பு வந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குக் காணாமல்போன ஒருத்தர் இருக்கிறார். அவ்வளவுதான்.

ஏ9 பயணி:

ஒட்டுசுட்டான் அண்ணை கோபிக்கக் கூடாது. அம்மாவின் மனம் விளங்குகிறது. ஆனால் 1978 இல் சென்னையில் எடுத்த ஒரு மர்மப் படத்துக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் என்ன சம்பந்தம்? எதைக் கதைத்தாலும் கடைசியில் அங்கேயே கொண்டுபோய்க் கட்டினால் நாங்கள் ஒரு படத்தைக் கூடப் படமாகப் பார்க்க ஏலாது. என் வயதுப் பெடியளுக்கு இது களைப்பாக இருக்கிறது, உள்ளதைச் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டான்:

கோபம் இல்லை தம்பி. நான் கட்டவில்லை, அம்மா ஏன் எழும்பினா என்று மட்டும்தான் எழுதினேன்.

முல்லை ரீச்சர்:

ஏ9 தம்பி, படத்துக்குச் சம்பந்தம் இல்லைத்தான். பாரதிராஜா எங்களை நினைத்து எடுக்கவில்லை. ஆனால் படத்தை இங்கே போட்டால் இங்கே இருக்கிற ஆட்கள்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கு என்ன படுகிறதோ அதுதான் படும்.

துவக்குப் படம் ஏன் அம்மாவுக்குப் பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அதில் செத்தவன் விழுகிறான், கமரா அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது, கணக்கு முடிந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் ‘விக்ரம்’ பார்த்த யாருக்கும் சொல்லத் தெரியாது. இந்தப் படத்தில் இரத்தம் காட்டுவது அதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் செத்தவர்கள் படம் முடியும்வரை அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். ஸ்ரீதேவி யன்னலால் பார்த்தாலும் அந்த ரோசாத்தான் தெரிகிறது. ‘வன்முறை கூடின படம்’ என்று நாங்கள் லேசாகச் சொல்லிவிடுகிறோம், எதை வைத்து அளக்கிறோம்? செலவான சிவப்பு மையை வைத்தா?

அதனால்தான் அவர் இருட்டுப் பக்கம் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் அந்த இருட்டுக்கு ஒரு சாட்டுச் சொன்னதைத்தான் சொல்வேன்.

வவுனிக்குளம்:

இதை ஒத்துக்கொள்கிறேன். முடிவையும் பாருங்கோ. மயானத்தில் துரத்தல் முடிந்த பிறகு அவனைச் சிறையில் புத்தி பேதலித்தவனாக, ஸ்ரீதேவி நடித்த சாரதாவின் பெயரையே நினைத்துக்கொண்டு இருப்பவனாகக் காட்டுகிறார். படம் பார்த்தவர்கள் ‘ஐயோ பாவம்’ என்றுதான் எழும்பி வருகிறார்கள், யாருக்குப் பாவம் பார்க்கிறோம் என்பதே மறந்துபோகிறது. புதைத்த பெண்களில் ஒருத்தியின் பெயராவது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. நான் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன்.

குளக்கட்டு:

இல்லை.

மட்டுறுத்துனர்:

உறவுகளே, கதை நல்லபடி போகிறது, இப்படியே போகட்டும். காணாமல்போனோர் பற்றிக் கதைக்கத் தனி இழை இருக்கிறது, அங்கே எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். இங்கே எழுதினதை நீக்கப் போவதில்லை.

முறிகண்டிக் கச்சான்:

நன்றி. அம்மா ஏன் எழும்பினா என்பது எனக்குத் தெரியாது அண்ணை. படம் தொடங்க முதல் ‘இப்படியான காட்சி இருக்கிறது’ என்று இரண்டு வசனம் சொல்லிவிட்டுப் போடுவது நல்லது என்று நிர்வாகத்தில் கதைக்கிறேன். சின்னப் பிள்ளைகளை இரவுப் படத்துக்கு விடுவதா என்றும் கேட்கிறார்கள். போனில் அதுகள் பார்க்கிறதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது, ஆனாலும் கேட்கிறார்கள்.

இனி அடுத்த மாதப் படம். ரீச்சர் ‘கருத்தம்மா’ சொல்வா என்று தெரியும்.

முல்லை ரீச்சர்:

அதை ஒரு பகல் நேரத்தில் தாய்மாருக்குத் தனியாகப் போடுங்கோ, பிறகு இருந்து கதைக்கலாம். இரவில் எல்லாருக்கும் என்றால் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’. 1979. போர்நிறுத்தக் காலத்தில் வன்னிக்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், அவருக்காகவாவது ஒரு நாள் ஒதுக்கலாம். ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் ஒரு கெட்டவனை எப்படிக் காட்டுவது என்று பார்க்கவேண்டும் என்றால் அந்தப் படம்தான்.

பாலைப்பழம்:

ரீச்சர், அதிலும் கடைசியில் ஊரே சேர்ந்து ஆளை ஆற்றுக்குள் அனுப்புகிறது. பிறகு அதுக்கும் எழும்பிப் போவார்கள்.

ஒட்டுசுட்டான்:

இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். ‘உதிரிப்பூக்கள்’ பார்த்திருக்கிறாவாம், இன்னொருக்காலும் பார்க்க வருவாவாம். ஆற்றுக்குள் போகிற இடத்தைக் கேட்டேன். “அவன் போகவேண்டியவன்தானே” என்றா.

முறிகண்டிக் கச்சான்:

சரி, ‘உதிரிப்பூக்கள்’. ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். போன முறை மாதிரி நுளம்பு கடித்தது என்று என்னைப் பேசாமல், வருகிற ஆட்கள் ஆளுக்கொரு நுளம்புச் சுருள் கொண்டு வாங்கோ. ஏ9 தம்பி, உன்னிடம் நல்ல பிரதி இருந்தால் பென்ட்ரைவில் போட்டுத் தா, எங்களிடம் இருப்பதில் சத்தம் சரியில்லை.